ஒரு எழுத்துக்கு ஒரு பைட்: தமிழுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் கணினி அடிப்படைகளை விளக்கும் கட்டுரையில் 'ஒரு எழுத்தைச் சேமிக்க ஒரு பைட் போதும்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. ஆனால் அந்த வரி எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மொழிக்கே அது பொருந்தவில்லை. அந்த வரியையே எடுத்து எண்ணிப் பாருங்கள். எழுத்து 18, இடைவெளி 5. கட்டுரையின் கணக்குப்படி 23 பைட் ஆக வேண்டும். இன்று இணையத்தில் பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அது 101 பைட்.

மாணவர் பகுதியில் ஒரு வரிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப்பெயர் பாதியில் அறுந்து நிற்பதும், ஒரு குறுஞ்செய்தி இரண்டாகப் பிரிந்து இரட்டிப்புச் செலவு வைப்பதும், எக்செலில் திறந்த பெயர்ப்பட்டியல் அலங்கோலமாகக் கிடப்பதும் இதே தப்புக் கணக்கின் பிள்ளைகள்தான். நாளைக்கு அந்தப் படிவங்களை வடிவமைக்கப் போகிறவர்கள் இன்று அந்தப் பகுதியைப் படிக்கும் மாணவர்கள். ஆகவே சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிட் என்பது உண்டு, இல்லை என்ற ஒற்றைப் பதில். மின்சுற்றில் மின்னழுத்தம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, வட்டில் காந்தம் இந்தப் பக்கம் பார்க்கிறதா அந்தப் பக்கமா, அவ்வளவே. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதில் 256 நிலைகள், அதாவது 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண். எட்டு என்ற கணக்கும் ஆதியிலேயே இருந்ததல்ல. 1956ல் ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ஸ் பைட் என்ற சொல்லை உருவாக்கியபோது அது 1 முதல் 6 பிட் வரையிலான கட்டைக் குறித்தது. 1964ல் அதே நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினி வந்த பிறகுதான் எட்டு நிலைத்தது. இதுவரை கட்டுரையோடு எங்களுக்கு வழக்கில்லை.

வழக்கு அடுத்த படியில். பைட்டுக்குள் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. 224, 174, 164 என்று மூன்று பைட் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8 உரை என்று படித்தால் அது 'த'. ஒரு படத்தின் புள்ளி என்று படித்தால் சிவப்பு 224, பச்சை 174, நீலம் 164, அதாவது மங்கலான ஓர் இளஞ்சிவப்பு. மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தால் 1,47,24,772. கணினிக்கு மூன்றும் ஒன்றுதான். எழுதியவரும் படிப்பவரும் 'இதை இன்ன முறையில் படிக்க வேண்டும்' என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் 'த' என்பது 'த' ஆக வந்து சேரும். தமிழ்க் கோப்புகள் படும் பாடெல்லாம் இந்தப் பேச்சு தவறியதால் வருவது.

தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் ஏற்றும்போது பிரவுசிங் சென்டர்களில் நடப்பதும் இதேதான். பிஎன்ஜி படத்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை ஜேபிஜி என்று மாற்றிவிட்டு, 'ஏன் ஏற்கவில்லை' என்று கேட்பார்கள். பெயர் மாறியது, பைட் மாறவில்லை. ஜேபிஜி கோப்பு 255, 216, 255 என்று தொடங்க வேண்டும். பிஎன்ஜி 137, 80, 78, 71 என்று தொடங்கும். தளம் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, அந்த முதல் சில பைட்டையும் பார்க்கிறது. படத்தை ஒரு செயலியில் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்து ஜேபிஜியாகச் சேமித்தால்தான் உள்ளே இருப்பது மாறும்.

இனி எழுத்து. ஆங்கிலத்துக்கு 1963ல் வந்த ஆஸ்கி பட்டியல் 7 பிட்டில் 128 இடங்களை வைத்துக்கொண்டது. பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97, இடைவெளி 32. ஒரு பைட்டில் மிச்சம் இருப்பது இன்னொரு 128. நம் எழுத்தோ 247. ஆங்கிலத்தைத் தள்ளிவைக்காமல் ஒரே பைட்டுக்குள் தமிழ் நெடுங்கணக்கை அப்படியே அடைக்க வழியில்லை என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான டேப் முறை, மேல் 128 இடங்களில் தமிழை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்தது. டிஸ்கி முறையும் அதே போக்கில் வேறொரு வரிசை. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் குழப்பம்தான்.

உலக மொழிகளின் எழுத்துகளை ஒரே பட்டியலில் சேர்க்கும் யூனிகோட், இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒவ்வொரு குறிக்கும் ஒரு குறியெண் கொடுத்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. 'தமிழ்' என்ற சொல்லை அதில் பிரித்தால் த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. இந்த எண்கள் ஒரு பைட்டில் அடங்கா. அவற்றைப் பைட்டாக்கும் முறைதான் யூடிஎஃப்-8. 1992ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தின் மேசைத்தாளில் வகுத்தது.

அதன் கணக்கு பள்ளிப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கக்கூடியது. 2980ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 36. முதல் பைட் 224. 'இது மூன்று பைட் கொண்ட குறி' என்ற அறிவிப்பு அது. இரண்டாவது 128 கூட்டல் 46, ஆக 174. மூன்றாவது 128 கூட்டல் 36, ஆக 164. புள்ளிக்கும் அப்படியே: 3021ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 47, மீதி 13, ஆக 224, 175, 141. தமிழ்க் குறி எதை எடுத்தாலும் 224, 174 அல்லது 224, 175 என்றுதான் தொடங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வைத்தியத்துக்கு உதவும். ஆக 'தமிழ்' என்ற சொல் 15 பைட். உயிரெழுத்து 3, 'க' 3, 'கி' 6, 'க்' 6, 'ஸ்ரீ' 12.

'க்' எப்படி 'க'வை விடக் கூடுதல் இடம் கேட்கிறது என்று தமிழாசிரியர்கள் முகம் சுளிப்பது நியாயமே. இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய். யூனிகோடிலோ அகரம் ஏறிய 'க' முதலில் வருகிறது, அதன் உயிரைப் பறிக்கப் புள்ளி வருகிறது. 1988ன் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையிலிருந்து வந்த வழக்கம் இது. இதற்கு மாற்றாக எழுத்துக்கு ஒரு குறியெண் தரும் டேஸ்-16 முறையை யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010ல் தரமாக அறிவித்தது. இலக்கணத்துக்கு அது ஒத்துவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கைபேசியும் இணையமும் யூனிகோடோடு போய்விட்டன. இனி அந்தச் சண்டையில் பயனில்லை என்பது எங்கள் எண்ணம்.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் விழுவது 106, 107, 112, 111, 59. அதாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கோப்பில் தமிழ் ஒரு பிட்கூட இல்லை. எழுத்துரு என்ற முகமூடி 'ஜே'வின் இடத்தில் 'த' படத்தை வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். தேடுபொறிக்கு அது தமிழ் என்று தெரியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் 'ஜே கே பி ஓ' என்று ஆங்கிலத்தில் உளறும். தி.நகர், திருவல்லிக்கேணி அச்சகங்களில் இன்றும் அழைப்பிதழும் துண்டறிக்கையும் இப்படி அடிக்கப்படுகின்றன. தாளில் அச்சாகும் வரை கெடுதல் ஒன்றுமில்லை. அதே கோப்பைத் தளத்தில் ஏற்றும்போதுதான் தொல்லை. ஏற்றுமுன் மாற்றி மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். கோப்பில் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து தமிழாகி எவருக்கும் புரியாத ஒன்றாக வந்து நிற்கும்.

படிவங்களுக்கு வருவோம். தரவுத்தளத்தில் 'ஊர்: 30' என்று ஒரு கட்டம் வைக்கிறார்கள். 30 என்ன? எழுத்தா, குறியா, பைட்டா? மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அது குறிக் கணக்கு. ஆரக்கிள் என்ற இன்னொன்றில் தனியாகச் சொல்லாவிட்டால் பைட் கணக்கு. திருவல்லிக்கேணியை ஆங்கிலத்தில் டிரிப்ளிகேன் என்று எழுதினால் 10 பைட், தாராளம். தமிழில் எழுத்து 8, குறி 15, பைட் 45. முப்பதாவது பைட்டில் வெட்டினால் பத்துக் குறிதான் உள்ளே போகும்: 'திருவல்லிக'. அடுத்து வரவேண்டிய புள்ளியும் 'கேணி'யும் வெளியே. கட்டம் 32 பைட்டாக இருந்தால் இன்னும் மோசம். புள்ளியின் மூன்று பைட்டில் 224, 175 இரண்டும் உள்ளே போய், 141 வெளியே நிற்கும். அரைகுறையான அந்த இரண்டு பைட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. சில மென்பொருள் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்டுக் காட்டும், சில கோப்பையே திறக்க மறுக்கும்.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வெட்டும் இடத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். யூடிஎஃப்-8ல் 128 முதல் 191 வரையுள்ள பைட் எதுவும் ஒரு குறியின் தொடக்கமாக இருக்க முடியாது. வெட்டுக்கு அடுத்த பைட் இந்த வரம்புக்குள் விழுந்தால் ஒரு படி பின்னால் போ, மறுபடி பார். இதனால் குறி உடையாது. ஆனால் 'கே'யிலிருந்து ஏகாரக் குறியை மட்டும் வெட்டிவிட்டு 'க'வை விட்டுவைக்கும் ஆபத்து அப்போதும் இருக்கிறது. அதற்கு அடுத்த குறி துணைக்குறியா என்று பார்த்து அதையும் தாண்டிப் பின்வர வேண்டும். நல்ல நிரலாக்க மொழிகளில் இதற்கு ஆயத்தமான செயல்கூறு உண்டு. இல்லாவிட்டாலும் தமிழுக்கு எழுதுவது அரைமணி நேர வேலை. அதைவிட எளிய வழி, கட்டத்தைப் பெரிதாக வைப்பது. தமிழ்ப் பெயருக்கு 30 எழுத்து வேண்டும் என்று நினைத்தால் 60 குறி, அல்லது 180 பைட் ஒதுக்குங்கள். வட்டு விலை இருக்கிற இருப்பில் பெயருக்குப் பைட் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, பழக்கதோஷம்.

குறுஞ்செய்தியில் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. அங்கே ஒரு செய்தியின் உடல் 140 பைட், கல்லில் எழுதியது. ஆங்கிலத்துக்கு 7 பிட் வீதம் நெருக்கி அடுக்கி 160 எழுத்து போடுகிறார்கள்: 140ஐ எட்டால் பெருக்கினாலும் 160ஐ ஏழால் பெருக்கினாலும் 1,120 பிட். தமிழ் வந்தால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், அதாவது இரண்டு பைட். 'த' அங்கே 11, 164 என்று போகும். 11ஐ 256ஆல் பெருக்கி 164ஐக் கூட்டினால் நாம் பார்த்த அதே 2980. ஆக 140ல் 70 குறிதான் கொள்ளும்.

கீழே ஒரு செய்தி:

'திருவல்லிக்கேணி பகுதியில் நாளை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்தடை'

இடைவெளியோடு எண்ணினால் கண்ணுக்கு 45. குறியாக எண்ணினால் கச்சிதமாக 70. ஒரே செய்தியில் அடங்கிவிடும். ஒழுங்காக எழுதுகிறோம் என்று வரியின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் 71, கதை கந்தல். இரண்டு செய்தியாகப் பிரியும்போது, 'நான் இரண்டில் முதல் துண்டு' என்று சொல்லும் தலைப்புக்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடும். மிச்சம் 134 பைட், 67 குறி. முதல் துண்டு 'மின்' என்று முடியும், இரண்டாவதில் 'தடை.' மட்டும் போகும். துண்டுகளை ஒட்டத் தெரிந்த கைபேசியில் இது தெரியாது. ஆனால் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குப் பில் துண்டுக் கணக்கில்தான். லட்சம் பேருக்கு அனுப்பினால் அந்த ஒற்றைப் புள்ளிக்கு லட்சம் செய்திக் காசு.

ஆங்கிலச் செய்தியிலும் இந்தக் கண்ணி உண்டு. 150 எழுத்து ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு ₹ குறி இருந்தால் போதும். அது 7 பிட் பட்டியலில் இல்லை என்பதால் செய்தி முழுவதும் 16 பிட்டுக்குத் தாவி மூன்று துண்டாகும். வேர்டிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, கோப்பைத் திறந்ததும் தமிழ் காணோம் என்ற புகார். எல்லாவற்றையும் 'ஃபான்ட் பிரச்சினை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இவை மூன்று வேறு நோய்கள், மருந்தும் வேறு. காட்சியை வைத்தே பிரித்துவிடலாம்.

வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பைட் பத்திரமாக இருக்கிறது, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை. இதற்குத்தான் ஃபான்ட் பிரச்சினை என்று பெயர். தமிழ் யூனிகோட் எழுத்துரு ஒன்றை நிறுவினால் தீர்ந்தது.

தலைக்கு மேல் சாய்கோடு வைத்த ஆங்கிலச் சின்ன 'ஏ', அதை ஒட்டி வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி 'ஏ', மறுபடி 'ஆர்' என்று பல்லிளித்தால் மகிழ்ச்சி அடையுங்கள். விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் 224 என்பது அந்த 'ஏ', 174 என்பது வட்டத்து 'ஆர்'. அதாவது யூடிஎஃப்-8 தமிழ் முழுசாக உள்ளே இருக்கிறது, தப்பான பட்டியலை வைத்துப் படித்துவிட்டார்கள். காற்புள்ளியால் பிரித்த பட்டியலான சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது இது அடிக்கடி நிகழும். மூடிவிடுங்கள், சேமிக்காதீர்கள். புதிய தாளைத் திறந்து, டேட்டா பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, கோப்பைத் தேர்ந்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்பதை எடுத்து லோட் செய்யுங்கள்.

சேமிக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அலங்கோலத்தோடு சேமித்தால் அந்த 'ஏ'யும் 'ஆர்'உம் நிஜ எழுத்தாகவே பதிந்துவிடும். திரும்ப எடுக்க முடியும், ஆனால் சேதாரத்தோடு. அந்த மேற்கத்தியப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களில் எழுத்தே ஒதுக்கவில்லை. சில மென்பொருள் அந்தப் பைட்டைக் கண்ணுக்குத் தெரியாத குறியாகக் காப்பாற்றி வைக்கும், சில தூக்கி எறிந்துவிடும். தமிழில் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள்: 129ல் முடிவது உகரக் குறி, 141ல் புள்ளி, 143ல் ஏ, 144ல் ஐ. மீட்டெடுத்த பட்டியலில் புள்ளியும் உகரமும் மட்டும் பொறுக்கி எடுத்ததுபோலக் காணாமல் போயிருந்தால் அது தட்டச்சரின் பிழையல்ல. கோப்பு வழியில் ஒருமுறை தப்பாகத் திறந்து சேமிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது நோய்க்கு மருந்தில்லை. வரிசையாகக் கேள்விக்குறி. தமிழுக்கு இடமே இல்லாத பட்டியலுக்கு மாற்றச் சொன்னால், மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை, அதாவது 63 என்ற பைட்டைப் போட்டுவிடும். 'தமிழ்' என்பதற்கு ஐந்து கேள்விக்குறி. 'தமிழ்' என்பதும் 'மதுரை' என்பதும் அங்கே ஒரே கேள்விக்குறிக் கூட்டம்தான். எது எதுவாக இருந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எக்செலில் சாதாரண 'சிஎஸ்வி' என்று சேமித்தால் இது நடக்கும். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று பட்டியலில் தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட் வைக்கும். அடுத்தமுறை எக்செல் அதைப் பார்த்தே சரியாகத் திறந்துகொள்ளும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் தமிழ்ச் சொல்லை நேரடியாக எழுதும்போது மேற்கோளுக்கு முன் பெரிய 'என்' போட மறந்தாலும் இதே ஐந்து கேள்விக்குறிதான் பதியும்.

பைட் எல்லாம் சரியாக இருந்தும் தேடினால் கிடைக்காத வகை ஒன்று உண்டு. கோபாலபுரம் பக்கத்து ஔவை சண்முகம் சாலையை எடுத்துக்கொள்வோம். 'ஔ' என்பது 2964 என்ற ஒரே குறி. விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்பார்: 'ஒளவை'. அந்த 'ஒள' மட்டும் குறி இரண்டு, பைட் ஆறு. திரையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கணினிக்கு இரண்டும் மலையும் மடுவும். ஒருவர் வீட்டு முகவரி ஒருவிதமாகவும் அவர் ஆவணத்தில் உள்ள முகவரி இன்னொரு விதமாகவும் பதிந்திருந்தால், 'பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பும் கணினியை நாம் திட்டுகிறோம். 'கௌரி', 'கெளரி' ஆகிய இரண்டும் இப்படித்தான்.

இதில் பாதிக்கு வைத்தியம் இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை 3018 என்று ஒன்றாகவும் வைக்கலாம், 3014ஐயும் 3006ஐயும் அடுத்தடுத்து வைத்து இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. சேமிக்குமுன் என்எஃப்சி என்ற சீர்ப்படுத்தலை ஒருமுறை ஓட்டினால் எல்லாம் 3018 ஆகிவிடும். ஆனால் 'ஒ'வும் 'ள'வும் சேர்ந்தால் 'ஔ' என்று அந்த விதி ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. 'ஒளி' என்ற சொல் கெட்டுவிடும். சொல்லின் தொடக்கத்தில் 'ஒள'வுக்குப் பின் 'வ' வந்தால் 'ஔ' என்று கொள் என்பது போன்ற விதிகளைத் தமிழ் அறிந்தவர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். 'ஸ்ரீ'யும் இப்படி இரண்டு வேடத்தில் உலவுகிறது. 2005ல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்த பிறகு அதை வைத்தும் எழுதலாம், பழையபடி 'ஸ' வைத்தும் எழுதலாம்.

அகரவரிசையும் பைட்டை நம்பினால் கெடும். யூனிகோட் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' இருப்பதால், எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'அன்பு' 'அப்பா'வுக்கு முன்னால் வந்து உட்காரும். தமிழ் அகராதியில் 'ன' கடைசி மெய். தரவுத்தளத்தில் தமிழுக்கான ஒப்பீட்டு விதியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

அதே கட்டுரையின் இன்னொரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஜிபி 1024 எம்பி என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ரிச்சி தெருவில் ஒரு டிபி வட்டு வாங்கி விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரரோடு சண்டை தொடங்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை. வட்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், ஒரு லட்சம் கோடி பைட் வருகிறது. விண்டோஸ் அதே பைட்டை 1024ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு ஜிபி என்று எழுதுகிறது. 64 ஜிபி பென்டிரைவ் 59.6 என்று தெரிவதும் இதனால்தான். 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர் 1998லேயே வைத்துவிட்டார்கள், புழக்கத்தில்தான் வரவில்லை. இணைய வேகம் இன்னொரு ரகம். அங்கே விற்பது பிட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. ஒரு ஜிபி படத்தை இறக்க, வழியில் எந்த நெரிசலும் இல்லாவிட்டாலும் 80 நொடி ஆகும்.

மாணவர் பகுதியில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் நீளமாக வேண்டாம். 'யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள்' என்று போட்டால் போதும். கூடவே, தத்தம் பெயர் எத்தனை பைட் என்று கணக்கிட்டு வரச் சொல்லுங்கள். நோட்பேடில் பெயரை மட்டும் அடித்து, கடைசியில் என்டர் தட்டாமல், யூடிஎஃப்-8 என்று சேமித்து, கோப்பின் மேல் வலது சொடுக்கி 'பிராபர்ட்டீஸ்' பார்த்தால் விடை தெரியும். விடை மூன்றால் வகுபடாவிட்டால் பெயரில் இடைவெளியோ, முதலெழுத்துக்குப் பின் புள்ளியோ இருக்கிறது. அதையும் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இப்படிக்கு,
கணினித் தமிழ் வாசகர்கள்,
சென்னை.